பெரியமேட்டிலிருந்து தரமணிக்கு: சென்னையில் காட்சிக் கலைக் கல்வி வளர்ந்த கதை

இந்தியாவில் ஓவியத்தை வகுப்பறைப் பாடமாக்கிய முதல் நகரம் சென்னை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ராணுவ மருத்துவர், அன்று பிளாக் டவுன் எனப்பட்ட பகுதியின் பிராட்வே தெருவில், தம் சொந்தப் பொறுப்பில் ஒரு சித்திரப் பள்ளியைத் திறந்தார். மறு ஆண்டே அதனுடன் ஒரு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். கல்கத்தாவில் 1854இலும் பம்பாயில் 1857இலும் லாகூரில் 1875இலும் தோன்றிய கலைப் பள்ளிகளுக்கெல்லாம் இது மூத்தது. சில ஆண்டுகளில் பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாக, பெரியமேட்டை ஒட்டிய இடத்துக்கு மாறியது. 1855இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி நடப்பது அதே வளாகத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டு 1857. ஆக, ஓவியப் பள்ளி பல்கலைக்கழகத்தைவிட ஏழு வயது மூத்தது. ஆனால் அங்கே படித்தவர்களின் கையில் பட்டச் சான்றிதழ் ஏற நூறாண்டுக்கும் மேலாயிற்று.

ஹண்டருக்கு முன்பு கலை கற்கும் வழி பட்டறை ஒன்றே. தச்சரின் மகன் உளி பிடித்தான், கன்னாரின் மகன் சுத்தியல் பிடித்தான், தஞ்சாவூர்ப் படம் வரைபவரின் மகன் சுக்கான் மாவும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்தான். பாடத்திட்டமோ தேர்வோ கிடையாது. தந்தையின் கையைப் பார்த்துப் பார்த்து மகனின் கை படியும். இந்த முறை ஆயிரம் ஆண்டுக் கோயில்களையும் செப்புத் திருமேனிகளையும் தந்திருக்கிறது; அதைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அது குலத்துக்குள் பூட்டிவைத்த அறிவு. வேறு வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. பள்ளி கொண்டுவந்த பெரிய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. கட்டணம் கட்டவும் கோடு இழுக்கவும் முடிந்தவன் உள்ளே வரலாம் என்றாயிற்று. கைவினைக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பூச்சாடியை வரைந்தார்கள்.

பாடமுறை லண்டனிலிருந்து வந்தது. 1851இல் அங்கு நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இந்தியத் துணிகளும் உலோக வேலைகளும் ஐரோப்பியரை வியக்க வைத்தன. இங்கிலாந்தின் ஆலைப் பொருள்களின் வடிவமைப்போ அவர்களுக்கே நிறைவளிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க சவுத் கென்சிங்டனில் ஒரு வரைகலைப் பாடத்திட்டம் உருவாயிற்று. முதலில் அச்சிட்ட கோட்டுப் படத்தைப் பார்த்து வரைய வேண்டும். அடுத்து வடிவியல் உருவங்கள், கன சதுரம், கூம்பு, உருளை. பின்னர் சுதையில் வார்த்த கிரேக்கச் சிலைகளின் பிரதிகள். கடைசியில்தான் செடி, கொடி, மனிதன். உயிருள்ள ஒன்றைப் பார்த்து வரைய ஒரு மாணவன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இம்முறை அளவையும் துல்லியத்தையும் கற்பித்தது. கற்பனையைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இல்லை. பொதுப்பணித் துறைக்கும் ரயில்வேக்கும் நில அளவைத் துறைக்கும் வரைவாளர்கள் தேவைப்பட்ட காலம் அது. அரசுக்கு வேண்டியது துல்லியமான கை.

இந்தப் பாடமுறையின் தடம் இன்னும் அழியவில்லை. தமிழ்நாட்டு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்று லோயர், ஹையர் நிலைகளில் நடக்கும் ஓவியத் தேர்வுகள் அதன் நேர் வாரிசுகள். ஊர்ப்புறப் பள்ளிக்கூடங்களில் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போட்டுக் காட்டிய டிராயிங் மாஸ்டர்கள் பலரும் இந்தத் தேர்வுகளைத் தாண்டி வந்தவர்களே. ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓவியம் என்ற ஒன்று உலகில் உண்டு என்று காட்டியவர்கள் அவர்கள்தான். வரலாற்று நூல்கள் அவர்களைப் போதிய அளவு பேசியதில்லை.

ஹண்டரின் பள்ளியில் இன்று நினைத்தாலும் வியப்புத் தருவது, அங்கே கேமரா இருந்தது என்பதுதான். புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமானது 1839இல். அது இருபது வயதை எட்டும் முன்பே சென்னை ஓவியப் பள்ளியின் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. சென்னைப் புகைப்படச் சங்கம் 1856இல் தொடங்கியதற்கும் ஹண்டரே முன்னின்றார். அன்றைய படப்பிடிப்பு, உடலையும் பொறுமையையும் சோதிக்கும் வேலை. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியான் கரைசலைச் சீராகப் பரப்பி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படமெடுத்து, அந்த ஈரத்தோடேயே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவியாக வேண்டும். சென்னை வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? ரசாயனமும் வெப்பமும் ஒளியும் கூடிவரும் அந்தச் சில நிமிடங்களைக் கைவசப்படுத்துவதே பயிற்சியாக இருந்தது. மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறை வெப்பத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பதால் பயணம் போகிறவர்கள் அதையே விரும்பினார்கள்.

அப்படிப் பயணம் போனவர்களுள் முதன்மையானவர் லினேயஸ் டிரைப். 1856இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட இந்த ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்லில் செதுக்கியதைப் படித்தறிய ஒளியைப் பயன்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் அது ஒன்று. டிரைப்புக்குத் துணைநின்றவர்களுள் ஐயாசாமி என்பவர், ஹண்டர் பள்ளியில் பயின்று படமெடுக்கத் தேர்ந்தவர். அவரைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் சொற்பம். ஆயினும் கேமராவை முறையாகக் கற்றுத் தொழிலாகக் கொண்ட முதல் தமிழ்நாட்டவர்களுள் ஒருவராக அவரைச் சொல்வது மிகையாகாது. அரசுச் செலவில் இப்படிப் படமெடுப்பது ஆடம்பரம் என்று கவர்னர் டிரெவெல்யன் கருதியதால் டிரைப்பின் பணி 1859இல் நிறுத்தப்பட்டது. பள்ளியின் கேமரா ஓயவில்லை. நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளியான நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலில் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் படங்களாக இடம்பெற்றவை, ஹண்டரின் மேற்பார்வையில் பள்ளி மாணவர்கள் எடுத்தவை.

கையும் கருவியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதே அந்தத் தொடக்க ஆண்டுகளின் சிறப்பு. ஒரு பக்கம் மரச்செதுக்கு அச்சு, கல்லச்சு, மண்பாண்டச் சூளை. இன்னொரு பக்கம் தாவரவியல் அறிஞர் கிளெக்ஹார்னுக்காகச் செடி வரையும் பிள்ளைகள். மற்றொரு மூலையில் கண்ணாடித் தகடு கழுவும் இருட்டறை. வரைபவனுக்கும் படமெடுப்பவனுக்கும் இடையே மதில் எழும்பியிருக்கவில்லை. 1873இல் ஹண்டர் ஓய்வுபெற்றார். அதன்பின் வந்தவர்களின் கவனம் வேறு திசைகளில் சென்றது. கேமரா மெல்ல ஓரத்துக்குப் போயிற்று. பெரியமேட்டில் பிரிந்த அந்த இரு தடங்கள் மறுபடி நெருங்கி வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இந்நகரின் காட்சிக் கலைக் கல்வி வரலாறு பெரும்பாலும் அந்தப் பிரிவின் வரலாறுதான்.

ஹண்டருக்குப் பிந்திய அரை நூற்றாண்டைக் கைவினைக் காலம் எனலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் சில காலம் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தார். 1884இல் பொறுப்பேற்ற ஈ. பி. ஹேவல் மாகாணமெங்கும் சுற்றித் தறிகளையும் உலோகப் பட்டறைகளையும் நேரில் கண்டார். அழிந்துவரும் கைத்தொழில்களுக்காக வாதாடினார். இந்தியக் கலைக்கு இந்தியக் கண்தான் வேண்டும் என்று பின்னாளில் கல்கத்தாவில் அவர் எழுப்பிய குரலுக்கு விதை விழுந்தது இந்தப் பயணங்களில். அவருக்குப் பின்வந்த ஆல்பிரட் சாட்டர்டன் பொறியியல் பேராசிரியர். 1898இல் பள்ளிப் பட்டறையில் அலுமினியத் தகட்டை அடித்துப் பாத்திரம் செய்ய வைத்தார். செம்பிலும் பித்தளையிலும் தேர்ந்த கன்னார் கைகளுக்குப் புதிய உலோகம் சீக்கிரமே வசப்பட்டது. விற்பனை பெருகி, சில ஆண்டுகளிலேயே அத்தொழில் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. தமிழ் வீட்டு அடுக்களைகளில் அலுமினியக் குண்டானும் சட்டியும் நுழைந்ததில் ஓர் ஓவியப் பள்ளிக்குப் பங்குண்டு என்பதைப் பலரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

பள்ளியின் கல்வி வளாகச் சுவருக்குள் அடங்கிவிடவில்லை. அங்கே சிலகாலம் பயின்ற கொண்டையராஜு பின்னர் நாடகத் திரைகள் எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டு, தெய்வப் படங்கள் தீட்டினார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிகளாகப் பெருகி, நாடெங்கும் பூசையறைச் சுவர்களில் ஏறின. சவுத் கென்சிங்டன் நிழல்தீட்டலும் தஞ்சை மரபின் நகைப் பொலிவும் கலந்த அந்த முகங்கள்தாம் தமிழ்நாட்டின் கோடிக்கணக்கான வீடுகள் அறிந்த ஓவியம். கலைக்கூடங்களில் தொங்கும் எந்தப் படத்தைவிடவும் மக்களிடம் அதிகம் சென்ற படங்கள் அவை. கலை வரலாறு எழுதுவோர் நெடுநாள் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது பிழை.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்ததும் பள்ளியின் குணம் மாறியது. அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற வங்காளி. பள்ளியின் தலைமையேற்ற முதல் இந்தியர். மல்யுத்தமும் வேட்டையும் அறிந்த கட்டுடல்காரர். தொழிற்பள்ளியாக இருந்ததை அவர் கலைப்பள்ளியாக்கினார். மனிதரை எதிரே நிறுத்தி வரைவதும், வெளியே சென்று தெருவையும் கடற்கரையையும் தீட்டுவதும், களிமண்ணில் முழு உருவம் பிடிப்பதும் அவர் காலத்தில் பாடத்தின் நடுவுக்கு வந்தன. 28 ஆண்டுகள் அந்த இருக்கையில் இருந்தார். பணிக்கர், தனபால், வங்கத்திலிருந்து தேடிவந்த பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ்குப்தா ஆகியோர் அவருடைய மாணவர்கள். 1954இல் லலித் கலா அகாதெமி அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலை, பெரும்பாறையைப் பெயர்க்கும் நால்வரின் புடைத்த தசைகளில், அவருடைய பாடமுறை முழுவதையும் சொல்லிவிடுகிறது. அந்தச் சிலைக்கு முன்மாதிரியாக நின்றவர்களுள் பள்ளியின் இரவுக் காவலரும் ஒருவர் என்று சொல்வார்கள்.

1957இல் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கர் வேறு மனப்போக்கினர். கோயம்புத்தூரில் பிறந்து, தந்தித் துறையிலும் காப்பீட்டு முகவராகவும் வேலை பார்த்து, 25ஆம் வயதில் மாணவராகச் சேர்ந்தவர். உடலின் கட்டமைப்பைவிடக் கோடும் குறியும் அவரை ஈர்த்தன. ஜாதகக் கட்டமும் கணித எண்ணும் மலையாள எழுத்தும் நிரம்பிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களை 1963 முதல் தீட்டினார். அவரிடம் படித்தவர்களின் பெருங்கவலை வயிறு. ஐந்தாறு ஆண்டு படித்து வெளியேறினால் ஓவியத்தை வாங்க ஆளில்லை. டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்தால் பாக்கியம். பணிக்கரும் மாணவர்களும் இதற்கு விடை காணப் பாத்திக் துணியும் தோல் வேலையும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் மணல்காடாகக் கிடந்த நிலத்தை வாங்கி, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். கைவினை விற்ற காசில் கலை வாழ்ந்தது. ஹண்டர் சேர்த்துவைத்த இரண்டு துறைகளும் அங்கே மறுபடி சேர்ந்தன என்று சொன்னால் தவறில்லை. ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, நடத்திவரும் இப்படியொரு குடியிருப்பு இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு காலம் நிலைத்ததில்லை.

பத்திரிகைகளும் ஓவியப் பள்ளிகளால் செழித்தன. நாமக்கல் பகுதியிலிருந்து வந்து பெரியமேட்டுப் பள்ளியில் பயின்ற சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று தூண்களையும் திருமேனிகளையும் கோட்டில் வடித்தார். புகைப்படம் காட்டாத நுணுக்கத்தை அவர் பேனா காட்டியது. கும்பகோணம் ஓவியப் பள்ளி தந்த கோபுலு, தமிழனின் நடையையும் முகபாவத்தையும் நான்கு கோட்டில் பிடித்தார். 1960களின் இறுதியில் சிறுபத்திரிகைகள் கிளம்பியபோது கே. எம். ஆதிமூலம் போன்ற கல்லூரி ஓவியர்களே அவற்றின் அட்டைக்கும் தலைப்பெழுத்துக்கும் புது முகம் கொடுத்தார்கள். காந்தி நூற்றாண்டில் ஆதிமூலம் தீட்டிய கோட்டோவியங்களும், கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு அவர் வரைந்தவையும், ஓவியம் தெரியாத வாசகரிடமும் போய்ச் சேர்ந்தன.

இதற்கிடையே இன்னொரு தடம் வேறிடத்தில் தொடங்கியிருந்தது. தமிழ் சினிமாவின் முதல் பத்தாண்டுகளில் கேமராவும் ஒலிப்பதிவும் அறிந்தவர்கள் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும், சிலர் கடல் கடந்தும் வந்தார்கள். 1935இல் இந்தியா வந்து ‘சதிலீலாவதி’ முதல் ‘மந்திரிகுமாரி’ வரை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், லாஸ் ஏஞ்சலிஸில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். அவரை இங்கே அழைத்துவந்தவர் அங்கு உடன்படித்த மாணிக்லால் டாண்டன். தமிழே அறியாத ஒருவர் தமிழ்ப் படங்களில் கேமராவை நகர்த்தவும் அண்மைக் காட்சியைப் பயன்படுத்தவும் வழிகாட்ட முடிந்ததற்குப் பல்கலைக்கழகப் பயிற்சியே காரணம். சினிமாவைப் பாடமாகப் படிக்கலாம் என்பதற்கு அன்றைய கோடம்பாக்கம் கண்ட நேரடிச் சான்று அவர். மற்றபடி ஸ்டுடியோக்களில் நிலவியது பழைய பட்டறை முறைதான். பெட்டி தூக்கி, டிராலி தள்ளி, ஃபோகஸ் பிடித்து, ஆண்டுகள் கழித்து ஒருவன் கேமராவுக்குப் பின்னால் நின்றான். குரு திட்டுவதும் பாடம். அவர் சொல்லாமல் மறைப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் பாடம்.

ஜெமினி, வாகினி, நியூடோன் என்று ஸ்டுடியோக்கள் பெருகிய 1940களில் இம்முறையால் மட்டும் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. பெங்களூரின் ஜயசாமராஜேந்திர தொழிற்கல்வி நிலையத்தில் ஒளிப்பதிவு கற்பிக்கத் தொடங்கியிருந்தார்கள். பின்னாளில் குரு தத்தின் படங்களுக்கு ஒளியமைத்த வி. கே. மூர்த்தி அங்குதான் படித்தார். சென்னையில் 1945இல் அரசுத் தொழில்நுட்பக் கல்வியின் ஒரு பகுதியாக ஒளிப்பதிவு, ஒலிப்பதிவுப் பட்டயப் படிப்புகள் தொடங்கின. புனேயில் மத்திய அரசின் திரைப்படக் கழகம் வந்தது 1960இல். சென்னை அதற்கு 15 ஆண்டுகள் முந்திக்கொண்டது. ஆனால் எங்கே வைத்துத் தொடங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில். மின்சாரம், இயந்திரம், கட்டுமானம் வரிசையில் சினிமாவும் ஒரு பொறியியல் பிரிவாயிற்று. லென்சின் குவியத் தூரமும் ஃபிலிமின் ஒளியுணர்வும் ஒலியின் அதிர்வெண்ணும் பாடங்கள். ஓவியர்கள் ஒளியை எப்படிக் கண்டார்கள் என்பது அன்றைய பாடத்தின் மையமில்லை. பெரியமேட்டு ஓவியப் பள்ளியோ, கேமராவை அதற்குள் மறந்தே போயிருந்தது. ஹண்டரின் பிள்ளைகள் ஒரே நாளில் பென்சிலும் கண்ணாடித் தகடும் பிடித்த நகரத்தில், படம் வரைகிறவனும் படம் பிடிக்கிறவனும் தனித்தனி நிறுவனங்களில் ஒருவரையொருவர் அறியாமல் படித்தார்கள்.

பாலிடெக்னிக்கில் தொடங்கி, பின்னர் தனி நிறுவனமாகித் தரமணியில் அமைந்த சென்னைத் திரைப்படக் கழகத்தை, சினிமாக்காரர்கள் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் என்றே அழைத்தார்கள். இயக்கமும் படத்தொகுப்பும் பாடங்களாகச் சேர்ந்தன. அங்கே ஃபிலிம் விலையுயர்ந்த பண்டம். ஆயிரம் அடி கொண்ட 35 மில்லிமீட்டர் சுருள் திரையில் ஓடுவது ஏறத்தாழ 11 நிமிடம். ஒரு மாணவனுக்குக் கிடைக்கும் சில நூறு அடியில் ஒரு கதை சொல்லி முடிக்க வேண்டும். லைட் மீட்டரை முகத்துக்கு நேரே நீட்டி அளந்து, மனதுக்குள் காட்சியை முழுதாக ஓட்டிப்பார்த்த பிறகே பொத்தானை அழுத்துவார்கள். இந்தச் சிக்கனம் தந்த ஒழுக்கத்தை அந்தத் தலைமுறை ஒளிப்பதிவாளர்களின் வேலையில் காணலாம்.

வெளியே வந்தவர்களுக்குக் கோடம்பாக்கம் உடனே கைகொடுக்கவில்லை. ‘படித்துவிட்டு வந்தவன்’ என்ற சொல்லில் அங்கே மதிப்பும் கேலியும் கலந்திருந்தன. பல ஆண்டு உதவியாளனாக உழைத்தவனுக்கு முன்னால், மூன்றாண்டுப் பட்டயத்தோடு வருகிறவனை எப்படி ஏற்பது என்ற கேள்வியில் நியாயமும் இருந்தது. பதில் படங்களில் வந்தது. கழகத்தில் பயின்ற ருத்ரய்யா, கழகத்திலேயே பயின்ற நல்லுசாமி, ஞானசேகரன் ஒளிப்பதிவில் 1978இல் ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். கறுப்பு வெள்ளையில், ஒப்பனை குறைத்து, பெண்ணொருத்தியின் கோபத்தைச் சமரசமின்றிச் சொன்ன அந்தப் படம் அப்போது ஓடவில்லை. தமிழின் மிகச்சிறந்த படங்களுள் ஒன்றாக இன்று நிற்கிறது. அதே கழகத்தில் ஒளிப்பதிவு படித்த சுஹாசினி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் கேமரா உதவியாளராகப் பணியாற்றினார். பெண்கள் கேமராவைத் தொடுவதே அரிதாயிருந்த காலம் அது. 1986இல் இரண்டு திருப்பங்கள் நேர்ந்தன. ஆபாவாணன் தயாரித்து அரவிந்தராஜ் இயக்கிய ‘ஊமை விழிகள்’ கழக மாணவர்களின் கூட்டுமுயற்சி. அகலத்திரையும் ஒலியமைப்பும் வசூலும் பேசப்பட்டு, படிப்பாளிகள் மீதிருந்த ஐயம் அந்த ஒரு படத்தால் பெரிதும் விலகியது. அதே ஆண்டில், கழகத்தில் பயின்ற பி. சி. ஸ்ரீராம் ‘மௌன ராக’த்தில் ஜன்னல் வெளிச்சத்தையே கதையின் மொழியாக்கினார், மறு ஆண்டு ‘நாயகன்’ அவருக்குத் தேசிய விருது பெற்றுத்தந்தது. பொறியியல் பிரிவாகத் தொடங்கிய படிப்பு, ஓவியனின் கண்ணைத் தானாகவே தேடிக்கொண்டுவிட்டது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. ஓவியக் கல்லூரியில் ஆறாண்டு தீட்டிப் பழகிய சிவகுமார் 1965இல் நடிகராகத் திரைக்கு வந்தார். அங்கே பயின்ற பி. கிருஷ்ணமூர்த்தி, கலை இயக்குநராக ‘பாரதி’ உள்ளிட்ட பல படங்களுக்குக் காலத்தின் நிறத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். டிராட்ஸ்கி மருது கோட்டோவியத்திலிருந்து அசைவூட்டத்துக்கும் கணினி வரைகலைக்கும் நகர்ந்தார். ஆனால் இவையெல்லாம் தனிமனிதர்களின் துணிச்சல். பாடத்திட்டம் அமைத்துக்கொடுத்த வழிகளல்ல.

பாடத்திட்டமே இரண்டையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்ததற்குத் தொலைக்காட்சி காரணம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘நாடளாவிய வகுப்பறை’ ஒளிபரப்பைத் தொடங்கியதையொட்டிப் பல்கலைக்கழகங்களுக்குள் காணொளிக் கூடங்கள் முளைத்தன. சினிமா எடுக்க ஸ்டுடியோ வேண்டும்; வீடியோ எடுக்கக் கல்லூரி அறை போதும். இந்தச் சூழலில்தான் லயோலா கல்லூரி போன்றவை காட்சித் தொடர்பியலை இளநிலைப் பட்டமாக்கின. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் விஸ்காம். முதல் ஆண்டில் பென்சில் ஓவியம், அடுத்து புகைப்படம், அச்சு வடிவமைப்பு, விளம்பரம், கடைசியில் குறும்படம், நடுவே ஊடகமும் சமூகமும் பற்றிய கோட்பாடு. 1993இல் சன் தொலைக்காட்சி வந்து, தனியார் அலைவரிசைகள் பெருகியதும் வேலைவாய்ப்பும் பெருகியது. பத்து ஆண்டுகளுக்குள் மாவட்டத் தலைநகரங்களிலும் விஸ்காம் பிரிவுகள் திறக்கப்பட்டன. எல்லா இடத்திலும் தரமான கருவியோ, கருவியறிந்த ஆசிரியரோ இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரே கேமராவை அறுபது பேர் பங்கிட்டுப் படிக்கும் வகுப்பில் யாரும் ஒளிப்பதிவாளராகிவிட மாட்டார்கள். இருந்தும், வரையக் கற்றவனே படம் பிடிக்கவும் கற்க வேண்டும் என்ற ஹண்டர் காலத்து வழக்கம், அவரை அறியாமலேயே திரும்பி வந்தது இந்த வகுப்பறைகளில்தான்.

எண்ணியல் கருவிகள் மிச்சமிருந்த சுவரையும் தளர்த்தின. பி. சி. ஸ்ரீராம் 2004இல் ‘வானம் வசப்படும்’ படத்தை ஃபிலிம் இன்றி எண்ணியல் கேமராவில் எடுத்தார். அடுத்த பத்தாண்டில் ஃபிலிம் சுருளும், அதைக் கழுவிய ஆய்வகங்களும் ஏறக்குறைய மறைந்தன. தரமணியில் ஃபிலிம் கழுவிய பாடத்தின் இடத்தை நிறத்திருத்தமும் அசைவூட்டமும் பிடித்தன. இரண்டுக்கும் வேண்டியது வண்ணம் அறிந்த கண். பெரியமேட்டிலும் காட்சித் தொடர்பு வடிவமைப்பு ஒரு பிரிவாகி, கணினித் திரை ஓவியப் பலகைக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

தமிழ்நாடு அரசு 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைத்தது. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. தரமணியின் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் பழைய பட்டயத்துக்குப் பதிலாக அதே பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு மாறியது. பெரியமேட்டு மாணவர் பெறுவது கவின்கலைப் பட்டம். தரமணியில் ஒளிப்பதிவோ ஒலிப்பதிவோ படத்தொகுப்போ முடிக்கும் மாணவர் பெறுவதும் பொறியியல் சான்றிதழ் அன்று. அவருடைய பட்டத்தின் பெயர் காட்சிக் கலை இளநிலை.